வழைச்சும் நாட்படலும்: இளம் சிங்கிள் மால்ட் விஸ்கியைச் சுவைத்தறியும் முறையும் தமிழ்ச் சுவைச்சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஸ்காட்லாந்தில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் மட்டும் மரப்பீப்பாயில் முதிர்ந்த, மென்மையான சிங்கிள் மால்ட் விஸ்கியைச் சுவைத்தறிபவர் ஒரு வேறுபாட்டைக் கண்டறிய வேண்டும். அந்த மதுவின் புதுமணம் அதன் இயல்பான இளமையா, நீங்காமல் தங்கிவிட்ட பச்சைத்தன்மையா என்பதே அது. இந்த வேறுபாட்டின் அறிவியல் அடிப்படையை இக்கட்டுரை விளக்குகிறது. அதைத் தமிழில் சொல்வதற்குச் சங்க இலக்கியச் சொல்லான 'வழைச்சு' பொருத்தமானது என்பதையும், அறுசுவைப் பகுப்பில் உள்ள கார்ப்பும் துவர்ப்பும் வடிமதுவின் சுவையை விளக்க எவ்வாறு உதவுகின்றன என்பதையும் எடுத்துரைக்கிறது. மதுபான ஆலை அமைந்துள்ள படப்பையும், பெரும்பாணாற்றுப்படை காட்டும் தொண்டை நாட்டு மதுவாக்கமும் இவ்வாய்வின் களங்களாகின்றன.

திறவுச்சொற்கள்: சிங்கிள் மால்ட், படப்பை, வழைச்சு, தேறல், நாட்படல், அறுசுவை, சுவைத்தறிதல்

முன்னுரை

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், ஒரகடத்துக்குக் கிழக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்த ஊர் படப்பை. 'படப்பை' என்பது சங்க நூல்களில் தோட்டத்தையும் மனையை ஒட்டிய விளைநிலத்தையும் குறித்த பொதுச்சொல். இன்று அவ்வூரைச் சூழ்ந்திருப்பது திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதியாகும். மகிழுந்து, சரக்குந்து, மோட்டார் சைக்கிள் ஆகியவற்றை உருவாக்கும் ஆலைகளால் அறியப்படும் இப்பகுதியில், படப்பையில், மிடாஸ் கோல்டன் டிஸ்டில்லரீஸ் என்னும் மதுபான ஆலையும் அமைந்துள்ளது. இத்தகைய ஆலைகளில் உருவாகும் இந்தியத் தயாரிப்பு அயல்நாட்டு மதுவகைகள், 1983இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு மாநில வாணிபக் கழகத்தின் வழியாக விற்பனைக்குச் செல்கின்றன. சில்லறை விற்பனையும் 2003 முதல் அக்கழகத்திடமே உள்ளது.

விற்பனை இவ்வளவு விரிந்திருந்தும், மதுவைப் பற்றிய இன்றைய தமிழ் வழக்குச்சொற்கள் ஒரு திசையில் மட்டுமே பெருகியுள்ளன. 'குவார்ட்டர்', 'ஆஃப்', 'ஃபுல்', 'கட்டிங்' ஆகியவை அளவைச் சொல்கின்றன. 'சரக்கு' என்பது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். 'லைட்', 'ஸ்ட்ராங்' என்பன போதையின் அளவைக் குறிக்கின்றன. மணத்தையோ முதிர்ச்சியையோ ஆக்கமுறையையோ குறிக்கும் சொல் இவ்வரிசையில் இல்லை.

இந்தியாவும் பிரித்தானியாவும் 2025 சூலை 24 அன்று கையெழுத்திட்ட வணிக உடன்படிக்கை, விஸ்கி மீதான 150 விழுக்காட்டுச் சுங்கவரியை முதலில் 75ஆகவும் பத்தாம் ஆண்டில் 40ஆகவும் குறைக்க வகைசெய்கிறது. ஸ்காட்ச் விஸ்கியைப் பற்றிய எழுத்தும் விளம்பரமும் மொழிபெயர்ப்பும் தமிழில் பெருகும் வாய்ப்பு இதனால் உண்டு. அவற்றை ஆங்கிலச் சொற்களின் ஒலிபெயர்ப்பால் நிரப்புவதா, தமிழிலேயே உள்ள சொற்களைக் கொண்டு தெளிவாக்குவதா என்பது கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் முன் உள்ள கேள்வி. மது அருந்துவதைப் பரிந்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு பொருளை ஆராய்ந்து விளக்கும் திறன் மொழிக்கு வேண்டும் என்பதே இதன் அடிப்படை.

1. சிங்கிள் மால்ட்: வரையறையும் வயதும்

ஸ்காட்ச் விஸ்கியை வரையறுப்பது 2009ஆம் ஆண்டின் ஸ்காட்ச் விஸ்கி விதிமுறைகள். அவற்றின்படி சிங்கிள் மால்ட் என்பது முளைகட்டிய பார்லியையும் நீரையும் ஈஸ்ட்டையும் மட்டுமே கொண்டு, ஒரே வடிசாலையில், வாலைகளில் தொகுதி தொகுதியாகக் காய்ச்சி வடித்த மது. 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் மரப்பீப்பாய்களில், ஸ்காட்லாந்திலேயே, குறைந்தது மூன்று ஆண்டுகள் அது முதிர வேண்டும். புட்டியில் அடைக்கும்போது சாராயச் செறிவு 40 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. நீரும், நிறத்துக்காகச் சேர்க்கும் எளிய கேரமலும் தவிர வேறு எதையும் கலக்கக்கூடாது.

'சிங்கிள்' என்ற சொல் ஒரே பீப்பாயையோ ஒரே ஆண்டையோ குறிப்பதில்லை. ஒரே வடிசாலையை மட்டுமே குறிக்கிறது. புட்டியின் மேல் வயது குறிக்கப்பட்டால், உள்ளே கலந்த பீப்பாய்களுள் மிக இளையதன் வயதையே குறிக்க வேண்டும். மூன்றாண்டு என்னும் கீழெல்லை முதல் உலகப்போர்க் காலத்துச் சட்டத்தின் விளைவு. 1915இல் இயற்றிய முதிராச் சாராயக் கட்டுப்பாட்டுச் சட்டம் முதலில் இரண்டு ஆண்டுகளைக் கட்டாயமாக்கியது. 1916இல் அது மூன்றாயிற்று. ஆகவே மூன்றாண்டு என்பது முதிர்ச்சி நிறைவெய்தும் நாளன்று. அதற்கு முன் விஸ்கி என்று பெயரிட்டு விற்கக்கூடாது என்பதே அதன் பொருள்.

இந்தியத் தயாரிப்பு விஸ்கிகளுள் பெரும்பாலானவை இதனின்று வேறுபட்டவை. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்தோ தானியத்திலிருந்தோ பெற்ற நடுநிலைச் சாராயத்துடன் ஓரளவு மால்ட் சாராயத்தைக் கலந்து அவற்றை உருவாக்குகின்றனர். வழக்கமான செறிவு 42.8 விழுக்காடு. நடுநிலைச் சாராயம் மணப்பொருள்கள் பெரிதும் நீங்குமளவு தூய்மையாக்கப்பட்டது. அதில் முதிர வேண்டிய பொருளும் மிகக் குறைவு. எனவே இவ்வகைக் கலவையைச் சுவைக்கப் பழகியவருக்கு, இளம் சிங்கிள் மால்ட்டில் வெளிப்படும் தானிய மணமும் பழமணமும் முதலில் குறையாகவே தோன்றக்கூடும். அவ்வெண்ணம் சரியா என்பதை அறிய ஆக்கமுறையை நோக்க வேண்டும்.

2. மென்மை தோன்றுமிடம்

விஸ்கி விளக்கங்களில் வரும் 'லைட்' என்ற சொல், வழக்குத் தமிழில் நினைப்பதுபோலப் போதைக் குறைவைச் சுட்டுவதில்லை. 40 விழுக்காட்டுச் செறிவுள்ள இரண்டு விஸ்கிகளுள் ஒன்று கனமாகவும் மற்றொன்று மென்மையாகவும் இருக்கலாம். எளிதில் ஆவியாகும் பழமணப் பொருள்கள் மேலோங்கி, எண்ணெய்த்தன்மையும் கந்தக வாடையும் புகைமணமும் குறைந்திருப்பதே மென்மை. இது பெரும்பாலும் பீப்பாய்க்குச் செல்லும் முன்பே முடிவாகிவிடுகிறது.

முதற்படி நொதித்தல். அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புநீர் தெளிவாக இருந்தால் பழமணம் மிகும். கலங்கலாக இருந்தால் தானிய மணமும் கொட்டைப்பருப்பு மணமும் ஓங்கும். நொதித்தலை அறுபது மணி நேரத்துக்கு மேல் நீட்டினால் எஸ்டர்கள் பெருகும். வாழைப்பழ மணத்தைத் தரும் ஐசோஅமைல் அசிட்டேட், ஆப்பிள் மணத்தைத் தரும் எத்தில் ஹெக்சனோயேட் ஆகியவை இவ்வகையின.

இரண்டாம்படி வாலை. உயரமான கழுத்துடைய செம்பு வாலையில் மேலெழும் ஆவியின் ஒரு பகுதி குளிர்ந்து மீண்டும் கீழே விழுகிறது. கனமான பொருள்கள் உச்சியை எட்டுவதில்லை. ஆவி செம்பைத் தொடும் நேரம் கூடக்கூடக் கந்தகச் சேர்மங்கள் குறைகின்றன. கிளென்மோரஞ்சி வடிசாலையின் வாலைக்கழுத்துகள் 5.14 மீட்டர் உயரமுடையவை. ஆகென்டோஷன் வடிசாலை, வழக்கமான இருமுறைக்கு மாறாக மும்முறை வடிப்பதால் மென்மையைப் பெறுகிறது.

மூன்றாம்படி வடிப்பைப் பிரித்தல். முதலில் வரும் வடிப்பு மூக்கை அரிக்கும் நெடியுடையது. இறுதியில் வரும் வடிப்பு ஈரத்தோல், வியர்வை, புளித்த கூழ் ஆகியவற்றின் வாடையுடையது. இவ்விரண்டையும் ஒதுக்கி நடு வடிப்பை மட்டும் பீப்பாய்க்கு அனுப்புவர். கடை வடிப்பு தொடங்கும் முன்பே நிறுத்திக்கொண்டால் மது மென்மையாகும்.

இளமையும் மென்மையும் இணைந்த விஸ்கிக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு கிளென் கிராண்ட். 1840இல் ரோதெஸ் என்னும் ஊரில் தொடங்கிய இவ்வடிசாலையின் உயர்ந்த வாலைகளும், கனமான ஆவியைத் தடுத்துத் திருப்பும் தூய்மிப்பான்களும் மேஜர் ஜேம்ஸ் கிராண்ட் காலத்தவை எனக் கருதப்படுகின்றன. இதன் ஐந்தாண்டு விஸ்கியை 1960களில் அர்மாண்டோ ஜொவினெட்டி என்னும் வணிகர் இத்தாலியில் பரப்பினார். இளமையைக் குறையாகக் கருதாமல் இயல்பாக ஏற்ற ஒரு சந்தை அங்கு உருவாயிற்று.

3. பீப்பாயில் நிகழ்வன

வாலையிலிருந்து வரும் புதுச்சாராயம் நிறமற்றது. அது பொதுவாக 63.5 விழுக்காட்டுச் செறிவில் பீப்பாயில் நிரப்பப்படுகிறது. அதன்பின் நிகழும் மாற்றங்களை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது நீக்கம்: பீப்பாயின் உட்புறத்தில் வாட்டிய கரி கந்தகச் சேர்மங்களை ஈர்த்துக்கொள்கிறது, எளிதில் ஆவியாவன மரத்தின் வழியே வெளியேறுகின்றன. இரண்டாவது சேர்க்கை: ஓக் மரத்தின் லிக்னின் சிதைந்து வெனிலின் மணத்தையும், ஓக் லாக்டோன்கள் தேங்காய் மணத்தையும், டானின்கள் துவர்ப்பையும் தருகின்றன. மூன்றாவது மாற்றம்: பீப்பாய்க்குள் ஊடுருவும் காற்றாலும் அமிலங்களாலும் புதிய எஸ்டர்களும் அசிட்டால்களும் உருவாகின்றன.

இம்மூன்றும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை. சேர்க்கை முதல் ஆண்டுகளிலேயே விரைவாக நிகழும்; மாற்றம் நீண்ட காலம் வேண்டுவது. எனவே மூன்றாண்டு விஸ்கி ஒன்று நிறமும் வெனிலா மணமும் போதுமான அளவு பெற்றிருந்தும் உள்ளே பச்சையாக இருக்கக்கூடும். கந்தக வாடை, வேகவைத்த முட்டைக்கோஸ் வாடை, மூக்கை அரிக்கும் நெடி ஆகியவை எஞ்சியிருந்தால் நீக்கம் முடியவில்லை என்பது பொருள். மாறாக அறுத்த புல், பச்சை ஆப்பிள், பேரிக்காய், ஊறவைத்த தானியம், எலுமிச்சைத் தோல் ஆகியவற்றின் மணம் நொதித்தலிலிருந்தும் மூலப்பொருளிலிருந்தும் வந்தது. முன்னது குறை, பின்னது இயல்பு. இளம் விஸ்கியைச் சுவைத்தறிவதன் முதன்மைப் பணி இவ்விரண்டையும் பிரித்தறிவதே.

4. சுவைத்தறியும் முறை

தொழில்முறைக் கலவையாளர்கள் மதுவை நாவால் அறிவதைவிட மூக்கால் அறிவதே மிகுதி. நாளொன்றுக்குப் பல மாதிரிகளை ஆராய்வோர் அவற்றை அருந்தினால் புலன் மழுங்கும். இம்முறைக்கு ஏற்ற குவளை, அடி அகன்று வாய் குறுகிய துலிப் மலர் வடிவினது. 2001இல் அறிமுகமான கிளென்கெய்ர்ன் குவளை இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. அகன்ற வாயுடைய கண்ணாடித் தம்ளரில் மணம் தங்குவதில்லை.

முதலில் நிறத்தைக் காண்பர். ஆயினும் கேரமல் சேர்க்க விதி இடமளிப்பதால் நிறத்தைக் கொண்டு வயதைக் கணிக்க இயலாது. அடுத்து மணம். குவளையை மூக்கருகே மெல்லக் கொணர்ந்து, வாயைச் சற்றுத் திறந்தவாறு நுகர்ந்தால் சாராய நெடி தணிந்து நுண்மணங்கள் தெரியும். வெப்பநிலையும் கருதத்தக்கது. ஏறத்தாழ 20 பாகைச் செல்சியஸ் ஏற்றது. படப்பையின் கோடைப் பகலில் குளிரூட்டாத அறையில் அதே மாதிரியை நுகர்ந்தால் சாராயம் மிகுதியாக ஆவியாகி மற்ற மணங்களை மறைத்துவிடும். அந்நிலையில் நல்ல இளம் விஸ்கியும் பச்சையாகத் தோன்றும். பனிக்கட்டி சேர்த்தால் இதற்கு மாறாக மணங்கள் அடங்கி, குறையும் மறைந்துவிடும்.

மூன்றாவதாக நீர். ஆய்வுக்கூடங்களில் மாதிரியை ஏறத்தாழ 20 விழுக்காட்டுச் செறிவுக்கு நீர்த்து நுகர்வது வழக்கம். 40 விழுக்காட்டு விஸ்கி 20 மில்லிலிட்டருக்கு அதே அளவு நீர் சேர்த்தால் இச்செறிவு கிடைக்கும். சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃபிரீட்மன் ஆகியோர் 2017இல் வெளியிட்ட கணினிவழி ஆய்வு, நீர்க்கும்போது குவையக்கோல் என்னும் புகைமணப் பொருள் திரவத்தின் மேற்பரப்பை நோக்கி நகர்வதைக் காட்டியது. நீர் மதுவை நீர்த்துப்போகச் செய்வதோடு, ஒளிந்திருந்த மணத்தை வெளிப்படுத்தவும் செய்கிறது. குறை மணங்களும் அவ்வாறே வெளிப்படுகின்றன. முதல் நுகர்வில் மறைந்திருந்த முட்டைக்கோஸ் வாடை நீர் சேர்த்தபின் எழுந்தால், அது முதிரா மது என்று துணியலாம்.

இறுதியாக நாவு. சில துளிகளை வாய் முழுதும் பரவவிட்டு, இனிப்பையும் எரிவையும் துவர்ப்பையும் கவனித்து, உமிழ்ந்தோ விழுங்கியோ எஞ்சும் பின்சுவையை அளப்பர். வாயிலிருந்து மூக்கின் பின்வழி எழும் மணம் இக்கட்டத்தில் முதன்மை பெறுகிறது. இளம், மென் விஸ்கியில் பின்சுவை நீளாது. நீளாமை குறையன்று. முடிவில் மீள்வது இனிப்பா, நெடியா என்பதே நோக்கத்தக்கது.

5. மணச்சொற்களும் நினைவும்

விஸ்கியின் மணங்களை முறையாக வகைப்படுத்தும் சக்கர வடிவ அட்டவணையை, ஸ்காட்லாந்தின் பென்ட்லண்ட்ஸ் விஸ்கி ஆய்வு நிறுவனத்தார் 1970களின் இறுதியில் உருவாக்கினர். அதன் சிறப்பு, சொற்கள் ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பு வேதிப்பொருளோடு இணைக்க முயன்றதில் உள்ளது. 'பேரிக்காய்' என்று ஒருவர் சொன்னால் மற்றவரும் அதே மணத்தை உணர்ந்து சொல்ல இயலும்.

தமிழில் இதைப் பயன்படுத்துவோர் சொல்லை மொழிபெயர்ப்பதைவிட, வேதிப்பொருளைத் தம் நினைவிலுள்ள மணத்தோடு இணைப்பதே பொருந்தும். 'ஹீதர்' என்னும் மலைப்புதரின் பூமணம் தொண்டை நாட்டில் எவர் நினைவிலும் இல்லை. ஒலிபெயர்த்தாலும் அது வெறுஞ்சொல்லே. ஆனால் இளம் மால்ட்டின் தானிய மணத்துக்கு ஊறவைத்த நெல், புதுக்கோணி, வைக்கோல் ஆகியவை இங்குள்ளோர் நன்கறிந்த ஒப்புமைகள். ஐசோஅமைல் அசிட்டேட்டுக்குக் கனிந்த வாழைப்பழமும், ஓக் லாக்டோனுக்குத் துருவிய தேங்காயும், டைஅசிட்டைலுக்கு வெண்ணெயும் எந்த விளக்கமும் வேண்டாதவை. நெடி, வாடை, வீச்சம், கவிச்சி, கமழ்ச்சி எனத் தமிழ் மணத்தின் தன்மையை நுட்பமாகப் பிரித்து வைத்துள்ளது. வடிப்பின் மூன்று பகுதிகளையும் இவற்றாலேயே சொல்லலாம்: முதல் வடிப்பு நெடியுடையது, நடு வடிப்பு கமழ்வது, கடை வடிப்பு வீச்சமுடையது.

6. அறுசுவையில் கார்ப்பும் துவர்ப்பும்

இக்கால உடலியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு, உமாமி என ஐந்தை அடிப்படைச் சுவைகளாகக் கொள்கிறது. தமிழ் மரபின் அறுசுவையில் உள்ள கார்ப்பும் துவர்ப்பும் அப்பட்டியலில் இல்லை. அவை நாவரும்புகளால் அன்றித் தொடுபுலன், வலிபுலன் நரம்புகளால் உணரப்படுபவை என்பது காரணம். உணவாராய்ச்சியில் இதை அறுசுவையின் குறையாகக் கருதுவதுண்டு. ஆனால் வடிமதுவைப் பொறுத்தவரை அவ்விரண்டுமே இன்றியமையாதவை.

சாராயத்தின் எரிவு கார்ப்பு வகையினது. மிளகாயின் காப்சைசினை உணரும் அதே ஏற்பியே சாராயத்தையும் உணர்கிறது. இயல்பாக 42 பாகை வெப்பத்தில் தூண்டப்படும் அவ்வேற்பி, சாராயம் பட்டபின் ஏறத்தாழ 34 பாகையிலேயே தூண்டப்படுகிறது என்பதை 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வாயின் வெப்பம் ஏறத்தாழ 37 பாகை. எனவே விஸ்கியைச் சுவைப்பவர் தம் வாயின் சொந்த வெப்பத்தையே எரிவாக உணர்கிறார். துவர்ப்போ ஓக் மரத்தின் டானின் உமிழ்நீர்ப் புரதங்களோடு சேர்வதால் எழுவது. இளம் விஸ்கியில் கார்ப்பு ஓங்கித் துவர்ப்புக் குறையும். நெடுநாள் மரத்தில் இருந்ததில் துவர்ப்பு ஏறும். ஆகவே கார்ப்பும் துவர்ப்பும் எந்த அளவில் நிற்கின்றன என்பதைக் கூறினாலே மதுவின் வயதுநிலையை ஓரளவு விளக்கிவிடலாம்.

சங்கப் புலவர்களின் உவமைகளும் இத்திசையிலேயே செல்கின்றன. புறநானூற்று 392ஆம் பாடலில் ஔவையார் நாட்பட்ட தேறலின் வேகத்தைத் தேள் கொட்டும் கடுப்போடு ஒப்பிடுகிறார். அகநானூற்று 348ஆம் பாடல் தோப்பி என்னும் மதுவைப் பாம்பின் கடுப்போடு ஒப்பிடுகிறது. இரண்டிலும் உவமையாவது நாவின் சுவையன்று. தோலில் உணரும் வலி. சாராயத்தின் எரிவு வலிபுலனைச் சார்ந்தது என்னும் இன்றைய விளக்கத்துக்கு இவ்வுவமைகள் இயைந்து நிற்கின்றன.

7. வழைச்சும் நாட்படலும்

படப்பை அமைந்துள்ள தொண்டை நாட்டின் மதுவாக்கத்தைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை விவரிக்கிறது. காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணன் வழியில் வலைஞர் குடியில் தங்குகிறான். அங்குள்ளோர் அரிசியைக் களியாகத் துழாவி, ஆறவிட்டு, நல்லடையைக் கலந்து, வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, வழைச்சு நீங்க விளைந்தபின் வெந்நீரில் வடித்து விரலால் அலைத்துப் பிழிகின்றனர். இங்கு வரும் 'வழைச்சு' என்ற சொல்லுக்கு உரைகள் இளமை என்று பொருள் கொள்கின்றன. ஆனால் பாடலின் போக்கில் அது நீங்க வேண்டிய இளமை. நல்ல மது அது அற்றபின்பே விளைகிறது. ஆக்கத்தின் முழுமையின்மையால் எஞ்சும் பச்சைத்தன்மை என்று அதைத் தெளிவாக்கலாம்.

இச்சொல்லை மீண்டும் வழக்குக்குக் கொணர்ந்தால் இளம் விஸ்கியின் இரு தன்மைகளையும் தனித்தனியே குறிக்க இயலும். புல், பழம், தானியம் ஆகியவற்றின் மணம் மதுவின் 'இளமை'. கந்தகம், நெடி, முட்டைக்கோஸ் வாடை ஆகியவை 'வழைச்சு'. 'இளமை உடையது, வழைச்சு அற்றது' என்பது ஐந்தாண்டு மென்மால்ட் ஒன்றுக்குத் தரத்தக்க நிறைவான மதிப்பீடாக அமையும்.

பழந்தமிழின் பிற மதுப்பெயர்களும் ஆக்கமுறையை உணர்த்துவனவே. பிழிவதால் பிழி, அரித்து வடிப்பதால் அரியல், தெளிவதால் தேறல், நறுமணத்தால் நறவு. அளவையால் பெயரிடும் இன்றைய வழக்கோடு ஒப்பிட்டால் வேறுபாடு புலனாகும். புறநானூற்று 56ஆம் பாடலில் நக்கீரர், யவனர் கொணர்ந்த அயல்நாட்டு மதுவையும் தேறல் என்றே குறித்து, அதன் தண்மையையும் நறுமணத்தையும் சிறப்பிக்கிறார். இறக்குமதியான மதுவைத் தமிழ்ச் சொல்லால் விளக்கிய முன்மாதிரி அது.

எனினும் பழைய சொல்லைப் புதிய பொருளுக்கு வழங்கும்போது ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. சங்கப் பாடல்கள் விவரிப்பவை நொதித்த மதுக்கள். காய்ச்சி வடித்தவை அல்ல. நொதித்த மது நாட்பட நாட்படச் சர்க்கரை சாராயமாக மாறிக் கடுமை ஏறும். பின்னர்ப் புளித்துக் காடியாகும். அதனாலேயே நாட்பட்ட தேறலுக்குத் தேளின் கடுப்பு உவமையாயிற்று. விஸ்கியிலோ நொதித்தல் முன்பே முடிந்துவிட்டது. பீப்பாயில் நாட்பட நாட்படக் கடுமை தணியும். 'நாட்படல்' என்ற ஒரே சொல் ஒன்றில் கடுமையின் ஏற்றத்தையும் மற்றொன்றில் அதன் இறக்கத்தையும் குறிக்கும். கலைச்சொல்லாக்கத்தில் விஸ்கிக்கு 'முதிர்தல்' என்பதையும், கள் வகைகளுக்கு 'நாட்படல்' என்பதையும் பிரித்து வழங்குவது இக்குழப்பத்தைத் தவிர்க்கும். 'வழைச்சு' இரண்டுக்கும் பொதுவாக நிற்கத்தக்கது; இரண்டிலும் அது நீங்க வேண்டிய பச்சைத்தன்மையே.

8. வெப்ப நாட்டில் வயது

முதிர்ச்சியை ஆண்டுக்கணக்கால் மட்டும் அளக்க இயலாது என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே சான்று உண்டு. 1948இல் பெங்களூரில் தொடங்கிய அம்ருத் நிறுவனம் தன் சிங்கிள் மால்ட்டை 2004 ஆகஸ்டு 24 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிறது. பெங்களூரில் அது 10 முதல் 12 விழுக்காடு. 10 விழுக்காடு என்றே கொண்டாலும் நான்கு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கு மறைந்துவிடும். ஸ்காட்லாந்தில் அதே அளவு மறைய இருபது ஆண்டுகள் வேண்டும். வெப்பத்தில் மரத்திலிருந்து சேர்வனவும் விரைவாகச் சேர்கின்றன. தைவானின் கவலான் வடிசாலை 2006இல்தான் வடிக்கத் தொடங்கியது. அதன் இளம் விஸ்கி 2010 சனவரியில் எடின்பரோவின் லீத் பகுதியில் பெயர் மறைத்து நடந்த சுவைத்தேர்வில் ஸ்காட்ச் வகைகளை விஞ்சியது.

ஆயினும் இதை 'நான்கு ஆண்டு இருபது ஆண்டுக்கு நிகர்' என்று சுருக்குவது பிழையாகும். ஆவியாதலும் மரச்சேர்க்கையும் வெப்பத்தால் விரையும். காலத்தை வேண்டும் நுண்மாற்றங்கள் அதே விகிதத்தில் விரைவதில்லை. அதனால் வெப்பநாட்டு விஸ்கியில் வழைச்சு விரைவில் நீங்கினும் துவர்ப்பு மிகும் இடர் உண்டு. குளிர்நாட்டு இளம் விஸ்கியில் துவர்ப்பு அரிது. வழைச்சு தங்கும் இடரே மிகுதி. படப்பை போன்ற, பெங்களூரினும் வெப்பமான சமவெளியில் பீப்பாய் வைத்து முதிர்விப்பதாயின் முதலாவது இடரையே எதிர்பார்க்க வேண்டும்.

9. புலனறிவின் எல்லை

சுவைத்தறிதல் தரத்தைக் கூறும், பாதுகாப்பைக் கூறாது. மெத்தனாலும் எத்தனாலும் மணத்தில் நெருங்கியவை. பயின்ற மூக்கும் கலவையில் அவற்றைப் பிரித்தறிவது அரிது. 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளிலும், 2024 சூனில் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் நேர்ந்த உயிரிழப்புகள் இதற்குத் துயரச் சான்றுகள். கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனாலை உறுதியாகக் கண்டறிவது வளிம நிறச்சாரல் பிரிகை போன்ற ஆய்வுக்கூட முறைகளே. 'நல்ல மணமுடையது ஆகவே நல்லது' என்னும் முடிவுக்குச் சுவைச்சொற்கள் இடந்தரலாகாது. வழைச்சு என்பதும் முதிர்ச்சிநிலையைக் குறிக்கும் சொல்லே, நச்சுத்தன்மையைக் குறிப்பதன்று.

முடிவுரை

இளம், மென்மையான சிங்கிள் மால்ட்டின் தரம் அதன் வயதெண்ணில் இல்லை; வழைச்சு நீங்கி இளமை எஞ்சியுள்ளதா என்பதில் உள்ளது. மென்மை என்பது செறிவுக் குறைவன்று. நொதித்தலும் வாலையும் வடிப்புப் பிரித்தலும் தீர்மானிக்கும் பண்பு. அறுசுவைப் பகுப்பிலுள்ள கார்ப்பும் துவர்ப்பும் வடிமதுவின் நிலையை விளக்குவதில், இக்கால ஐஞ்சுவைப் பகுப்பு தொடாத இடத்தை நிரப்புகின்றன. மணச்சொற்களை ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்பதைவிட, வேதிப்பொருள் வழியாக உள்ளூர் மணநினைவோடு இணைப்பது பயனுடையது. நாட்படல், முதிர்தல் ஆகிய சொற்களைப் பிரித்து வழங்குவது நொதிமதுவையும் வடிமதுவையும் குழப்பாமல் காக்கும்.

தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை நிலவுவதால், கள்ளின் பருவங்களைப் பிரித்துரைத்த வட்டாரச் சொற்களை அறிந்தோர் அருகி வருகின்றனர். பதநீரைத் தெளுவு என்னும் கொங்கு வழக்குப் போன்றவை எஞ்சியுள்ளன. பனையேறும் மரபினரிடமிருந்து அச்சொற்களைத் தொகுத்து, சங்க இலக்கியச் சொற்களோடும் வேதியியல் குறிப்புகளோடும் ஒப்பிடும் கள ஆய்வு இனி மேற்கொள்ளத்தக்கது. அத்தொகுப்பு மதுவுக்கு மட்டுமன்றி, நொதித்த உணவுகள் அனைத்தின் தரத்தையும் தமிழில் விளக்கப் பயன்படும்.